அம்மா, உன் காடி இப்போது இடது பக்கம் இழுப்பதில்லை

தோட்டத்து வளைவிலேயே ஹாரன் அடித்து வந்துவிட்டேன் என்று சொல்லும் என் ஆசை அம்மாவுக்கு,

உன் முதல் வருஷ நினைவுக்குப் பேப்பரில் போட்டோ போட்டு, கீழே நாலு வரி எழுதலாம் என்று சரசு அத்தை சொன்னார்கள். உன்னோடு எட்டு வருஷம் முன் சீட்டில் உட்கார்ந்து பாக்டரிக்கு வந்த அதே சரசு அத்தைதான். எழுதிப் பார்த்தேன். எல்லார் போட்டோவுக்குக் கீழேயும் இருக்கிற நாலு வரிதான் எனக்கும் வந்தது. நீ பார்த்திருந்தால், இது யாரோட அம்மாவுக்குடி எழுதினே என்று கேட்டிருப்பாய். அதனால் கடிதமாக எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல் என்றால்தான் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் அவ்வளவு பயமில்லை.

முதலில் உனக்குப் பிடித்த சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் காடி ஓடுகிறது. ஓட்டுவது நான்தான். பின் கண்ணாடியில் புது லைசன்ஸ்காரர்கள் ஒட்டும் 'பி' ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் கோணலாக.

நீ கடைசியாக அதை ஓட்டியது ஆஸ்பத்திரிக்கு. உடம்பு கொதித்தது. அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். எனக்கு அப்போது பதினாறு. டாக்சி கூப்பிடலாம் என்று அப்பா சொன்னதற்கு, செம்பனைக் காட்டுக்குள்ள எந்த டாக்சி லா வரும், நானே போய்ட்டு வந்துடுறேன் என்றாய். பெடாசிலிருந்து சிரம்பான் வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசாமல் வந்ததில்தான் எனக்குப் பயம் வந்தது. பார்க்கிங்கில் கோட்டுக்குள் சரியாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாய்.

டெங்கி என்றார்கள். ஆறு நாள். அதற்குப் பிறகு காடி மட்டும் அங்கே நின்றது. நாங்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். சரசு அத்தையின் மகன் போய் எடுத்துவந்து, ரம்புத்தான் மரத்தடியில் விட்டு, சாவியை அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதை உன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். அதோடு சரி. பழம் விழுந்தது, இலை விழுந்தது, ஒரு பூனை அடியில் குட்டி போட்டது. யாரும் கதவைத் திறக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாமல் விட்டதும் ஏறக்குறைய அப்படித்தான். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நீ என்னை இறக்கிவிட்டுத்தான் பாக்டரிக்குப் போவாய். நீ இல்லாத முதல் வாரம் போகவில்லை. இரண்டாவது வாரம், எல்லாரும் என்னிடம் பேச வருவார்களே என்று பயந்து போகவில்லை. அப்புறம் போகாமல் இருப்பதே பழகிவிட்டது. உனக்கு என் மேல் கோபமா? இருக்கும். ஆனால் நீ திட்டியிருந்தால் நான் போயிருப்பேன். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது பெடாசில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். போன் எடுக்க, பில் எழுத, காப்பி கலக்க என்றுதான் சேர்த்தார்கள். போன் எடுப்பதில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். இரண்டாவது வாரமே பாஸ் போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அங்கே அலைன்மென்ட் பார்க்கிற மிஷின் ஒன்று இருக்கிறது. அதன் கம்ப்யூட்டரில் எல்லாம் ஆங்கிலம். கடை மெக்கானிக், போமன் குமார் அண்ணனுக்கு ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும், படிக்கப் பிடிக்காது. நீ வாசி, நான் திருப்புறேன் என்றார். வாசித்து வாசித்து நானே பார்க்கப் பழகிவிட்டேன். அந்த மிஷின் என்னிடம், ஏன் பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கிறே என்று கேட்பதில்லை. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். ரம்புத்தான் மரத்தடியில் ஒருவர் உன் காடியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பழைய காடிகளை வாங்கி, அறுத்து, சாமான்களைத் தனித்தனியாக விற்கிறவர். டயரைக் காலால் ஒரு உதை விட்டார். அவர் போன பிறகு அப்பா படியில் உட்கார்ந்து, "நின்னு நின்னு மண்ணாத்தான் போகுது சுகு. குடுத்துடுவோம்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அந்த வாரம் அப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

நான் லைசன்ஸ் எடுக்கிறேன், நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அப்பா ரம்புத்தான் மரத்தடியையே பார்த்தார். அப்புறம் ஒன்று சொன்னார். அது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க அம்மா அந்தக் காடியில போறப்பல்லாம் நான் உள்ள வந்துட்ட மாதிரி கதவச் சாத்திட்டு, ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே நிப்பேன். ஆடிக்கிட்டே போகும். உன்னையும் அப்படி அனுப்பிட்டு நிக்க என்னால முடியாது."

அம்மா, எட்டு வருஷம் ஜன்னலில் நின்றாராம். உனக்கு அது தெரியுமா? ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாயா?

கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். உன் அஸ்தியை நாங்கள் கரைத்தது போர்டிக்சன் கடலில். வருஷத் திதிக்கும் அங்கேதான் போகணும். அதற்குள் காடியைச் சரிசெய்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு நான் அங்கே ஓட்டிப் போகணும். ஆடாமல் போய்ச் சேர்ந்தால் காடி வீட்டில் இருக்கும். ஆடினால் திரும்பி வந்த மறுநாளே அந்த ஆளைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். சரி என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் உன் துணிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காடியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கடைக்குக் கொண்டுவந்தோம். பாஸுக்குக் காடியைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் காற்றடிக்க வரும்போது, அலைன்மென்ட் பார்த்துட்டுப் போங்க சிஸ்டர் என்று சொல்வாராம். அடுத்த மாசம் லா பாஸ் என்று சொல்லி, அவரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவாயாம். இத்தனை வருஷமா அந்த அடுத்த மாசம் வரவே இல்ல என்றார்.

சாமான் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை மிஷினில் ஏற்றிப் பார்த்தோம். நாலு சக்கரத்திலும் பிடிப்பு மாட்டி, காடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முன்னால் தள்ளினால், ஸ்கிரீனில் நாலு சக்கரமும் படமாக வரும். சரியாக நிற்கிற சக்கரத்துக்குப் பச்சை, இல்லாததற்குச் சிவப்பு. உன் காடிக்கு எல்லாமே சிவப்பு. முன் இடது சக்கரம், ஒரு பாதத்தை மட்டும் வெளியே திருப்பி வைத்து நடக்கிறவர் மாதிரி நின்றது. காடி நேராகப் போகணும் என்றால் ஸ்டீரிங்கை வலது பக்கம் திருப்பி, விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கணும். விட்டால் வாய்க்காலுக்குள் போய்விடும். குமார் அண்ணன் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு, "இத புடிச்சுக்கிட்டேவா ஓட்டுனாங்க தினமும்? கை போயிருக்குமே" என்றார்.

கை போகவில்லை. தோள் போனது. சாயங்காலம் வந்ததும் வலது தோளை என் பக்கம் காட்டிக்கொண்டு உட்காருவாய். நான் தைலம் தேய்ப்பேன். பாக்டரியில் பெட்டி தூக்குவதால் என்று நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். கட்டை விரலுக்கு அடியில் ஒரு முடிச்சு உருளும், அதை அமுக்கினால் அப்பாடா என்பாய். எத்தனை வருஷம் அந்த முடிச்சைத் தேய்த்தேன். அது காடியாலா அம்மா? அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் என் கட்டை விரலுக்கு அந்த இடம் ஞாபகம் வந்துவிட்டது. காப்பி கலக்குகிற மாதிரி பின்னால் போய்விட்டேன்.

சாமான் எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. சக்கரத்தைத் தாங்குகிற லோவர் ஆர்ம் இரண்டிலும் ரப்பர் நைந்து, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வருமே, அது இதுதான். அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியிருந்தது. சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் முனை கையால் ஆட்டினாலே ஆடியது. குமார் அண்ணனும் நானும் கடை மூடிய சனிக்கிழமை மத்தியானங்களில் ஒவ்வொன்றாக மாற்றினோம். லோவர் ஆர்ம் போல்ட்டைக் காடி அந்தரத்தில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. டயர் தரையில் நின்று, காடியின் பாரம் ஏறிய பிறகுதான் இறுக்கணும். இல்லாவிட்டால் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். அந்தக் கடைசி இறுக்கு மட்டும் நான் இறுக்கினேன். குமார் அண்ணனிடம் கேட்டு வாங்கி இறுக்கினேன்.

புதுச் சாமான் போட்ட காடி சும்மா நேராகிவிடாது. மறுபடியும் மிஷினில் ஏற்றி, ஸ்டீரிங்கை நேராக நிறுத்திக் கட்டி, டை ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒவ்வொன்றாகப் பச்சையானது. டயர் நாலும் நின்ற இடத்திலேயே தட்டையாகிப் போயிருந்ததால் வேறு போட்டோம். நீ ஆசையாக வாங்கிப் போட்ட அந்த ஸ்போர்ட் ரிம்மைத்தான் கழுவிப் போட்டோம். அப்புறம் பேலன்சிங். சக்கரத்தைத் தனியாக மிஷினில் சுற்ற விட்டால், எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று அது சொல்லும். அந்த இடத்தில் ரிம்முக்குள் சின்னச் சின்ன ஈயக் கட்டியை ஒட்டணும். சாக்லேட் துண்டு மாதிரி இருக்கும், சாம்பல் நிறம். ஒட்டிவிட்டு மறுபடி சுற்றினால் சைபர் வரணும். நாலுக்கும் சைபர் வந்தது.

பாஸ் ரெம்பாவ் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கையை விட்டேன், அது பாட்டுக்குப் போகுது என்றார்.

நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்குச் சரசு அத்தை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். டொக் டொக் சத்தம் இல்லாததால் பக்கத்தில் வரும்வரை அவர்களுக்குத் தெரியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னடி இது, அவ காடியையும் உன்ன மாதிரி ஊமையாக்கிட்டே" என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னவர்கள், பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் சீட்டை விட்டு இறங்கவில்லை.

திதிக்கு முந்தின நாள் எனக்கு வேலை. அப்பா லீவு எடுத்திருந்தார். இப்போது அவர் பாக்டரி கேட்டில் ஜாகாவாக இருக்கிறார், காவல் வேலை. சுலபமாக லீவு தரமாட்டார்கள். நான் வந்து பார்த்தால் உன் காடி மின்னியது. பின் சீட்டுக்கு அடியில் இருந்த பழைய பஸ் டிக்கெட்டு, மிட்டாய்க் காகிதம் எல்லாம் எடுத்து, தரை விரிப்பைத் துவைத்து, ரிம்முக்கு பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார். பூஜைக்கு முன்னால் என்னைத் தவிர யாரும் ஓட்டக் கூடாது என்று முனீஸ்வரன் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் பூஜை போட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள், சரசு அத்தை மகனும் அப்பாவும். காடிக்குப் பட்டை, பொட்டு. எலுமிச்சம்பழத்தை மட்டும் நான் வந்து ஏற்றி நசுக்கட்டும் என்று சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காத்திருந்தார். ஒரு வருஷத்தில் அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. எப்படி இருக்கு என்று என்னைக் கேட்டார். அழகா இருக்குப்பா என்றேன்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். அப்பா முன் சீட்டில், மடியில் பூஜை சாமான் கூடை. பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். தோட்டத்து ரோட்டில் காடி சத்தமே போடவில்லை. பெரிய ரோடு ஏறினோம். ஐம்பது, அறுபது. கையை லேசாகத்தான் வைத்திருந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உன்னிடம் சொல்லணும் போல இருந்தது, பார்த்தியா என்று.

லிங்கி போகிற நேர் ரோட்டில் பின்னால் ஒரு லாரி வந்ததால் கொஞ்சம் அழுத்தினேன். எண்பதைத் தாண்டியதும் ஸ்டீரிங் என் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. முதலில் ரோடு என்று நினைத்தேன். ரோடு நல்ல ரோடு. நடுக்கம் அதிகமானது. கூடைக்குள் இருந்த செம்பு கடகடவென்று ஆடியது. அப்பா கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்து."

ஓரமாக நிறுத்தினேன். லாரி தாண்டிப் போனது. அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ரொம்ப மெதுவாக, "குடுத்துடுவோம்மா. நீ பாடுபட்டே, எனக்குத் தெரியும். ஆனா குடுத்துடுவோம்" என்றார்.

நான் இறங்கிவிட்டேன். நான் இறுக்கிய போல்ட்டுதான் என்று நினைத்தேன். படுத்து எட்டிப் பார்த்தேன், ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. வீல் நட் எல்லாம் சரி. டை ராட் சரி. வேறு என்ன? ரிம் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. நான் ஈயக் கட்டி ஒட்டிய இடத்தில் பசையின் சதுரம் மட்டும் இருந்தது. அடுத்த சக்கரத்தைப் பார்த்தேன். அதிலும் இல்லை. நாலிலும் இல்லை.

அப்பா கூடையோடு இறங்கி நின்றுகொண்டிருந்தார். சக்கரத்துக்குள் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக ஒட்டியிருந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஆமா, பார்த்தேனே. நாலுலயும் இருந்துச்சு. பழைய அழுக்கு கெட்டியாயிருச்சுன்னு நெனச்சேன். சாமிக்கு முன்னால நிக்கிற காடியில அது எதுக்குன்னு கரண்டியால நெம்பி எடுத்தேன். ஒன்னொன்னும் லேசுல வரல." அப்புறம் அவரே, "ஈயம் மாதிரி இருந்துச்சு. தூண்டிலுக்கு ஆகும்னு டின்னுல போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அம்மா, நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே ரோடு அதிரச் சிரித்திருப்பாய். வந்து நம் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருப்பாய். ஒரு மாதத்துக்கு அப்பாவுக்குத் தூண்டில்காரர் என்று பேர். அப்பாவும் போடி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

நான் நீ இல்லை. எனக்கு வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் காடி போய்விடும். சொன்னால் நேற்றைக்கு நான் பார்த்த அந்த முகம் போய்விடும். அவர் பிரஷ் போட்டுத் தேய்த்தது, பட்டை போட்டது, எனக்காகக் காத்திருந்தது எல்லாம் தப்பு என்று நானா அவரிடம் சொல்வது? என் தப்பு என்றே இருக்கட்டும், ஏறுங்கப்பா போகலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கதவு வரைக்கும் போய்விட்டேன். அப்போது அப்பா காடியின் மேல் கை வைத்து ஒரு தடவை தடவினார், விடைகொடுக்கிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு சொல்லிவிட்டேன்.

"அது அழுக்கு இல்லப்பா. அத ஒட்டினாத்தான் சக்கரம் ஆடாம சுத்தும். நான் ஒட்டினது."

அப்பா என்னைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப நான்தானா?"

"தெரியாமத்தானேப்பா."

"நீ செஞ்சதுல ஒன்னும் தப்பில்லையே?"

"இல்ல."

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன். என் வேலையில தப்பு இல்ல."

இவ்வளவு சத்தமாக நான் அப்பாவிடம் பேசியதே இல்லை. ரோட்டோரத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கூடையைப் பானெட் மேல் வைத்துவிட்டு, "உங்க அம்மா மட்டும் இருந்திருந்தா இன்னிக்கி என்னைய வச்சு ஓட்டியிருப்பா" என்றார். ஜன்னலில் நின்றதைச் சொன்ன அன்றைக்குப் பிறகு அப்பா வாயில் நீ வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். இரண்டு பேரும் உன் சிரிப்புக்கு இடம் விட்டு நின்ற மாதிரி இருந்தது.

அறுபதுக்கு மேலே போகாமல் மெதுவாகவே போனோம். அறுபதில் நடுக்கம் இல்லை. எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள், ஒருவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அப்பா, போகட்டும் விடு, சாமியே காத்திருக்கும் என்றார்.

கடலில் தண்ணீர் குறைவாக இருந்தது. ரொம்ப தூரம் நடந்து போகணும். அப்பா முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடத்தில் நின்று திதிப் பிண்டத்தைக் கரைத்தார். நான் இரண்டடி பின்னால் நின்றேன். உன்னிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன், அங்கே ஒன்றும் வரவில்லை. கரைக்கு வந்து அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தக் காடி வாங்குகிற ஆள். இன்றைக்குத்தான் கடைசி என்று அப்பா அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஈரக் கை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லின் மேல் வைத்தார். என்ன அண்ணே, ஆடுச்சா, நாளைக்கு வரட்டா என்று அவர் கேட்டார்.

அப்பா வேட்டியைப் பிழிந்து முடித்தார். அவசரமே படவில்லை.

"ஆடுச்சுப்பா. ஆடினது என்னாலதான். என் மக சரி பண்ணிடுவா. காடி குடுக்கிறதுக்கு இல்ல" என்றார்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

திங்கட்கிழமை கடையில் நாலு சக்கரத்தையும் மறுபடி சுற்றினேன். புதுக் கட்டி ஒட்டினேன். அப்பா வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரை நிறுத்தி வாசலிலேயே நின்று பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமல். நாலாவதற்கும் சைபர் வந்ததைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பாஸ் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, சுவரில் ஒரு அட்டை எழுதி ஒட்டச் சொன்னார். ரிம்முக்குள் ஒட்டியிருப்பது அழுக்கு அல்ல, பூஜைக்குக் கழுவும்போது எடுக்கவேண்டாம் என்று நான்தான் எழுதினேன், தமிழில். அப்பா மட்டும் இல்லையாம். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜை முடிந்த மறுவாரம் நாலைந்து காடி இப்படி ஆடிக்கொண்டு வருமாம்.

இதுதான் சேதி. நல்ல சேதிதான். ஆனால் சாயங்காலம் உன் காடியைத் தனியாக ஓட்டிக்கொண்டு வரும்போது மனசு என்னவோ போல இருக்கிறது அம்மா. பாக்டரியிலிருந்து நீயும் சரசு அத்தையுமாக நாலு பெண்கள் பேசிச் சிரித்து வந்த காடி. இப்போது பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பை மட்டும்தான். ஸ்டீரிங் ஒரு பக்கமும் இழுப்பதில்லை. நீ பிடித்துக்கொண்டிருந்த பாரம் எங்கே இருந்தது என்று தேடுகிற மாதிரி நான் சில நேரம் வலது பக்கம் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பேன். காடி உடனே வலது பக்கம் போய்விடும். திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் அப்பா சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு டிவி முன்னால் இருப்பார், சத்தத்தைக் குறைத்து வைத்து. நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவேன். நான் வருத்தப்படுவேன் என்று அவர் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் வருத்தப்படுவார் என்று நான் பேசுவதில்லை. இப்படியே ஒரு வருஷம் போய்விட்டது.

லிங்கி ரோட்டில் நான் வாயைத் திறந்தபோது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்பா முகமும் போகவில்லை. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு அப்பாவுக்குக் காலை வேலை. மழை என்றால் மோட்டார் வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மழை இல்லாவிட்டாலும் விடுவேன். பாக்டரி கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, அவர் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன்: அப்பா, அம்மா இல்லாதது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் ரோட்டைப் பார்த்துக்கொண்டாவது சொல்வேன். சொல்லாமல் அவரை இறங்க விடமாட்டேன்.

உன் வலது தோளைத் தேய்த்த கையோடு,
உன் ஒரே மகள்
சுகந்தி